கரிசல் மண்ணில் ஷட்டில் கோர்ட்: கான்கிரீட்டை அடுத்த தை வரை தள்ளிப் போடுங்கள்

கோவில்பட்டி பக்கம் வீட்டுக்குப் பின்னால் 60 அடிக்கு 30 அடி காலி இடம் இருக்கிறது, முழுக்கக் கரிசல், அதில் ஒரு ஷட்டில் கோர்ட்டும் ஒரு முனையில் கூடைப்பந்து வளையமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு அடி தோண்டி எம் சாண்ட் நிரப்பி, மேலே 8 எம்எம் கம்பி கட்டி 4 இன்ச் கான்கிரீட் போட்டால் போதும் என்று மேஸ்திரி சொல்கிறார். ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளுக்கு லீவு விடுவதற்குள் முடித்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

இந்த முறையில் போடாதீர்கள். கான்கிரீட் 4 இன்ச்சா 5 இன்ச்சா என்பதை அப்புறம் பேசலாம். அந்த எம் சாண்டும் அந்த ஏப்ரல் மாதமும்தான் முதல் தவறு. நான் சிவில் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் விருதுநகர், சாத்தூர், எட்டயபுரம் பக்கத்துக் கரிசலில்தான். பலம் குறைந்ததால் உடைந்த தளத்தை இந்தப் பகுதியில் நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். உடைந்தவை கிட்டத்தட்ட எல்லாமே அடியில் ஒரு பக்கம் ஈரமும் இன்னொரு பக்கம் காய்ச்சலுமாக இருந்ததால் உடைந்தவை.

கரிசலில் இருக்கும் களிமண் சாதாரணக் களிமண் இல்லை. மான்ட்மோரிலோனைட் என்ற வகை, தாள் தாளாக அடுக்கியது போன்ற அமைப்பு. அந்தத் தாள்களுக்கு இடையில் தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், வெளியேறினால் சுருங்கும். சித்திரையில் உங்கள் காட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுகிறதே, ஐப்பசி மழையில் அதே வெடிப்பு தானாக மூடிக்கொள்கிறதே, அதுதான் விஷயம். வெடிப்பு மூடும்போது மண் பக்கவாட்டில் மட்டும் உப்புவதில்லை, மேல்நோக்கியும் தள்ளுகிறது. 4 இன்ச் கான்கிரீட்டின் எடை அதைத் தடுக்கவே தடுக்காது. ஒரு மாடி வீட்டையே தூக்கி விரிசல் விட வைக்கிற மண் இது. இந்த ஏற்ற இறக்கம் நம் நாட்டுக் கரிசலில் மூன்று, மூன்றரை மீட்டர் ஆழம் வரை இருக்கும் என்று கணக்கு வைத்துத்தான் ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குடை போல விரிந்த பைலை, அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூணை, உருவாக்கியது. ஆகவே இந்த மண்ணோடு பலத்தில் போட்டி போட முடியாது. தளத்துக்கு அடியிலும் சுற்றிலும் ஈரம் வருஷம் முழுவதும் கூடியவரை ஒரே அளவில் இருக்கும்படி செய்யலாம், அவ்வளவுதான் நம்மால் முடியும். நான் கீழே சொல்வது எல்லாமே அதற்காகத்தான்.

ஏன் ஏப்ரல் வேண்டாம் என்கிறேன்? நன்றாகக் காய்ந்து சுருங்கிக் கிடக்கும் மண்ணின் மேல் தளம் போடுகிறீர்கள். அக்டோபரில் மழை வந்ததும் தளத்தின் ஓரங்களுக்கு அடியில் தண்ணீர் முதலில் புகும், ஓரங்கள் எழும்பும், நடு அப்படியே கிடக்கும், தளம் தட்டு மாதிரி ஆகி நடுவில் தண்ணீர் நிற்கும். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் ஈரம் மெதுவாக உள்ளே நகர்ந்து நடுப்பகுதிக்கு வரும். மேலே கான்கிரீட் மூடியிருப்பதால் அங்கிருந்து ஆவியாகிப் போக வழியில்லை, நடு எழும்ப ஆரம்பிக்கும், அதே சமயம் கோடையில் ஓரங்கள் காய்ந்து இறங்கும். முதலில் தட்டாக இருந்தது இப்போது கவிழ்த்த சட்டி. இந்த இரண்டு திசை வளைவையும் 4 இன்ச் தளம் தாங்காது.

எம் சாண்ட் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அதை எல்லோரும் நல்லது என்று நம்பிச் செய்கிறார்கள். கரிசலில் ஒரு அடி குழி வெட்டினால் அது ஒரு தொட்டி. அதன் அடியும் சுவரும் தண்ணீரை எளிதில் விடாத களிமண். அதில் மணலையோ ஜல்லியையோ கொட்டினால் ஓரத்தில் விழுகிற மழைத் தண்ணீர் முழுக்க மணலுக்குள் இறங்கி அந்தத் தொட்டியில் நின்று, அடியில் இருக்கும் கரிசலை மாதக்கணக்கில் ஊற வைக்கும். செம்மண் பூமியில் மணல் நிரப்புவது சரி. அங்கே பழகிய வேலையை அப்படியே கரிசலுக்குக் கொண்டுவருவதுதான் பிரச்சினை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் மணல் மேல் தளம் போட்டார்கள், இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது வலை நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை இன்ச் வித்தியாசம். கால் இடறி ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகியது. அந்தத் தளத்தை உடைத்து அள்ள ஆன செலவு போட்ட செலவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிரப்ப வேண்டியது நாம் கிராவல் என்று சொல்கிற செம்மண் கலந்த சரளை. ஒட்டும் தன்மை உள்ள, ஆனால் உப்பாத மண். மும்பை ஐஐடியில் பேராசிரியர் கட்டி என்பவர் இந்த வகை மண்ணை வைத்துத்தான் கரிசலின் உப்பலை அடக்கும் முறையை வகுத்தார். கரிசல் வழியாகப் போகும் வாய்க்கால்களுக்கு சிமென்ட் லைனிங் போடும்போது கீழே இந்த அடுக்கைப் போடச் சொல்லி ஐஎஸ் 9451 என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது. இது தண்ணீரை உள்ளே விடாது, தானும் உப்பாது, கீழே இருக்கும் கரிசலின் மேல் போர்வை போலக் கிடந்து அதன் ஈரத்தைச் சட்டென்று மாற விடாது.

ஆனால் கிராவல் என்று லாரியில் வருகிற எல்லாமே கிராவல் இல்லை, ஆகவே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் கரிசலுக்கும் சேர்த்தே செய்யலாம். மண்ணை நன்றாகக் காயவைத்து, பொடித்து, மிக மெல்லிய சல்லடையில் சலியுங்கள். பத்து பத்து கிராம் எடுத்து இரண்டு 100 மில்லி அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர். கலக்கிவிட்டு ஒரு நாள் முழுக்க வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, தண்ணீரில் உப்பும். தண்ணீரில் இருக்கும் அளவு மண்ணெண்ணெயில் இருப்பதைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று பாருங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலை குறைவு, 100 வரை நடுத்தரம், 100க்கு மேல் என்றால் மோசமான உப்பல், 200க்கு மேல் போனால் மிகக் கடுமை. லேபிலும் இதையேதான் செய்வார்கள், ஐஎஸ் 2720இன் 40ஆம் பகுதி. நிரப்பும் மண் 50ஐத் தாண்டினால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள். லேபில் கொடுத்தால் கரிசலில் ஜிப்சம், அதாவது சல்பேட் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். தோண்டுவதற்கு முன் சுற்றிலும் ஒரு தடவை நடந்து பாருங்கள், தண்ணீர் எங்கெல்லாம் இருந்து வருகிறது என்று. மொட்டை மாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது, துணி துவைக்கும் கல் எங்கே, செப்டிக் டேங்க் வழியும் இடம் எங்கே, மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே. இவை எல்லாம் கோர்ட்டில் இருந்து குறைந்தது பத்துப் பதினைந்து அடி தள்ளி இருக்க வேண்டும், தள்ளி வைக்க முடியாதவற்றைப் பைப் போட்டு வேறு பக்கம் கொண்டுபோக வேண்டும். ஒரு மூலையில் மட்டும் தினமும் ஒரு குடம் தண்ணீர் இறங்கினால் அந்த மூலை மட்டும் எழும்பும், நீங்கள் எத்தனை கம்பி போட்டாலும்.

மரங்களும் இதே கணக்குத்தான், தலைகீழாக. வேம்பு, புளி, சீமைக் கருவேலம் எல்லாம் வேரால் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்து மண்ணைச் சுருக்கும். மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் கோர்ட் தள்ளி இருப்பது நல்லது. அப்படியானால் மரத்தை வெட்டிவிட்டுப் போடலாமே என்று தோன்றும். அதை மட்டும் அவசரமாகச் செய்யாதீர்கள். பல வருடம் அந்த வேர் உலர்த்தி வைத்திருந்த மண், வேர் போனதும் மெல்ல மெல்ல ஈரத்தைத் திரும்ப வாங்கி உப்பும், இது ஒரு வருடத்தில் முடிகிற காரியம் இல்லை. வேம்பு நிற்கிற பக்கத்தை விட்டு கோர்ட்டைச் சற்று நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், மரமும் மிஞ்சும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. ஷட்டில் இரட்டையர் கோர்ட் 13.40 மீட்டருக்கு 6.10 மீட்டர். உங்கள் 60க்கு 30 அடி என்பது 18.3க்கு 9.15 மீட்டர். அப்படியானால் முனைகளில் 2.4 மீட்டரும் பக்கங்களில் 1.5 மீட்டரும் மிஞ்சும், வீட்டுக் கோர்ட்டுக்கு நல்ல இடம். இப்போது பலரும் ஆடும் பிக்கிள்பாலுக்கும் இதே கோடுகள்தான் வெளி அளவு. கூடைப்பந்தில் 4.6 மீட்டர் ஃப்ரீ த்ரோ கோடு தாராளமாக அடங்கும். மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர் என்பதால் நேர் எதிரே மட்டும்தான் அடங்கும், பக்கங்களில் அடங்காது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீளம் வடக்கு தெற்காக இருந்தால் காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் அடிக்காது. தளம் 60க்கு 30தான் என்றாலும் கிராவல் நிரப்புவது நான்கு பக்கமும் மூன்று அடி கூடுதலாக, 66க்கு 36 அடி போக வேண்டும். இடம் இல்லையென்றால் கோர்ட்டைச் சுருக்குங்கள், அந்த மூன்று அடியை விட்டுக்கொடுக்காதீர்கள். காம்பவுண்டு சுவரை ஒட்டிப் போடாமல் இருக்கவும் அது உதவும்.

ஜேசிபி வைத்து ஒன்றரை அடி கரிசலை எடுத்துவிடுங்கள். எடுத்த மண்ணைக் கோர்ட் ஓரத்தில் குவிக்காதீர்கள், காடு வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். குழியின் அடியைத் தட்டையாக விடாமல் ஒரு பக்கம் வாட்டம் வைத்து, அந்தத் தாழ்ந்த பக்கத்தில் இருந்து வெளியே ஒரு வடிகால் வெட்டுங்கள், தப்பித்தவறி உள்ளே வரும் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். கார்த்திகை மார்கழி மழை முடிந்து தை மாசியில் இதைச் செய்தால் மண் பிசைந்த மாவாகவும் இருக்காது, பாறையாகவும் இருக்காது. இப்போதே வேலையைத் தொடங்கலாம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கான்கிரீட் மட்டும்தான் இப்போது வேண்டாம்.

குழியின் அடிமண்ணுக்குச் சுண்ணாம்பு கலப்பது இந்த வேலையில் கிடைக்கும் மிக மலிவான நன்மை. மேல் ஆறு இன்ச் கரிசலில், மண்ணின் உலர் எடையில் நான்கு ஐந்து சதவீதம் நீர்த்த சுண்ணாம்பைக் கலந்தால், சுண்ணாம்பில் இருக்கும் கால்சியம் அந்தத் தாள்களுக்கு இடையில் போய் உட்கார்ந்து தண்ணீரை ஏற்கும் ஆசையைக் குறைத்துவிடும். ஒட்டிக்கொண்டு வரும் மண் ஒரு நாளில் பொலபொலவென்று உதிர ஆரம்பிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் இடத்துக்கு ஆறு இன்ச் ஆழம் என்றால் ஏறக்குறைய 40 டன் மண், அதற்கு ஒன்றரையில் இருந்து இரண்டு டன் சுண்ணாம்பு. ஓரத்து மூன்று அடியையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பரப்பி, தண்ணீர் தெளித்து, டிராக்டர் ரோட்டவேட்டரை இரண்டு மூன்று தடவை ஓட்டி, ஒரு நாள் மூடி வைத்து, மறுநாள் திரும்ப ஓட்டி ரோலர் போடுங்கள். வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, காற்று வீசும் நேரத்தில் வேண்டாம். மண்ணில் ஜிப்சம் அதிகம் என்று லேப் சொன்னால் மட்டும் சுண்ணாம்பை விட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்து வேறொரு பொருள் உருவாகி அதுவே உப்பித் தள்ளும்.

அதன் மேல் கிராவல். இரண்டு அடி கெட்டிப்பட்ட கனம் வேண்டும், அப்போதுதான் தரை மட்டத்தைவிட ஆறு இன்ச் உயரமாக வரும். சாலை வேலையில் கரிசல் மேல் இதைவிடக் கனமாக, இரண்டடியில் இருந்து மூன்றடிக்கு மேல் வரை போடுவார்கள், அவர்களுக்கு லாரி பாரம் இருக்கிறது. 66க்கு 36க்கு 2 என்றால் 4,750 கன அடி சொச்சம், 48 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இது கெட்டிப்பட்ட பின் இருக்க வேண்டிய அளவு, லாரியில் உதிரியாக வரும்போது கிட்டத்தட்ட 60 யூனிட் தேவைப்படும். இந்த வித்தியாசம் தெரியாமல் 48 யூனிட்டுக்குப் பேசிவிட்டு நடுவில் மண் பற்றாமல் நிற்பவர்கள் நிறைய. அனுமதி ரசீது இருக்கும் மண்ணாகவே வாங்குங்கள்.

ஒரேயடியாகக் கொட்டி மேலே ரோலர் ஓட்டுவது வேலையே இல்லை. எட்டு இன்ச் உதிரியாகப் பரப்பினால் ஆறு இன்ச்சாக இறங்கும், அப்படி நான்கு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் தண்ணீர் அளவு முக்கியம்: கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. காய்ந்த மண்ணை எத்தனை தடவை உருட்டினாலும் கெட்டிப்படாது. லேப்காரரைக் கூப்பிட்டு அடர்த்தி பார்த்தால் அந்த மண்ணுக்கு லேபில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும். கூப்பிட முடியாவிட்டால் ஜல்லி ஏற்றிய ஒரு லாரியை மெதுவாக மேலே ஓட்டச் சொல்லி சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். தடம் பதிந்தாலோ மண் அலை மாதிரி அசைந்தாலோ அந்த இடத்தைத் தோண்டி மறுபடி செய்ய வேண்டும். ஓரங்களில் ரோலர் ஏறாது என்று விட்டுவிடுவார்கள், அங்கேதான் பிற்பாடு இறங்கும், திமிசோ பிளேட் காம்பாக்டரோ வைத்து அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று.

அப்புறம் பலரும் செய்யாத ஒன்று, ஆனால் நான் விடவே மாட்டேன்: கிராவல் முடியும் எல்லையில் நான்கு பக்கமும் ஒரு அடி அகலத்தில் நான்கு ஐந்து அடி ஆழத்துக்கு ஜேசிபியால் கால்வாய் வெட்டி, பண்ணைக் குட்டைக்குப் போடும் கனமான ஷீட்டைச் செங்குத்தாக நிறுத்தி, தோண்டிய மண்ணையே ஈரமாக்கித் திரும்ப இட்டு அடித்துவிடுவது. மழைக்காலத்தில் வெளியில் இருந்து பக்கவாட்டில் ஈரம் உள்ளே வராமலும், கோடையில் உள்ளிருந்து வெளியே போகாமலும் இது தடுக்கும், போகிற போக்கில் வேரையும் தடுக்கும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்திலும் நம்முடையது போன்ற உப்பும் களிமண்தான், அங்கே கோடையில் வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றிச் சொட்டுக் குழாய் போட்டு மண்ணை ஈரமாகவே வைத்திருப்பார்கள். வைகாசியில் குடிக்கவே தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊரில் நம்மால் அது முடியாது, ஷீட்தான் நமக்கு வழி.

இதுவரை சொன்னதை மார்ச் இறுதிக்குள் முடித்துவிடலாம். முடித்ததும் கிராவலின் மேல் மூன்று இன்ச் நல்ல சலித்த செம்மண்ணைப் பரப்பி, வாட்டம் பிடித்து, நீர் தெளித்து ரோலர் ஓட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் இந்த லீவு முழுக்க அதில் ஆடட்டும். ஷட்டிலுக்குத் தரை எழும்பித் தர வேண்டிய அவசியமே இல்லை, மண் தரை முழங்காலுக்கும் நல்லது. நம் ஊர்ப் பூப்பந்தாட்டமும் கபடியும் தலைமுறை தலைமுறையாக மண்ணில்தானே ஆடினார்கள். சாயங்காலம் தண்ணீர் தெளித்து, வாரம் ஒரு தடவை கை ரோலர் இழுத்தால் போதும். இந்த மண் தரையை ஒரு முழு ஆடிக் காற்றும் ஒரு முழு ஐப்பசி கார்த்திகை மழையும் பார்க்க விடுங்கள். நிரப்பிய மண் எங்கே இறங்க வேண்டுமோ இறங்கிவிடும், எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும், அடியில் இருக்கும் கரிசலும் புது நிலைமைக்குப் பழகிவிடும். மண்ணில் தெரியும் தவறைச் சரிசெய்ய ஒரு டிராக்டர் மண் போதும். அதே தவறு கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்தால் அதோடு வாழ வேண்டியதுதான். மண் தரையிலேயே திருப்தியாகி அப்படியே நிறுத்திக்கொண்ட குடும்பங்களும் உண்டு, அது ஒன்றும் குறைவான கோர்ட் இல்லை.

கான்கிரீட் வேண்டும் என்றால், அடுத்த தை கடைசியில் செம்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள். ஆடியில் போடவே போடாதீர்கள், நம் பக்கத்துக் காற்றில் கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே மேற்பரப்பு காய்ந்து தாறுமாறாக வெடிக்கும். டெக்சாஸில் இந்த மாதிரிக் களிமண்ணில் கோர்ட்டுக்குக் கம்பிக்குப் பதிலாக கேபிள் போட்டு இழுத்துக் கட்டுகிறார்கள்: அரை இன்ச் கேபிள், ஒவ்வொன்றையும் சுமார் 15 டன் விசையில் ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டிவிடுவார்கள், தளம் முழுக்க நான்கு பக்கமும் இருந்து அழுத்தப்பட்டு ஒரே பலகையாக நிற்கும், இணைப்பே இருக்காது. அருமையான முறை, ஆனால் ஒரு வீட்டுக் கோர்ட்டுக்கு அந்த ஜாக்கியையும் ஆட்களையும் நம் பக்கம் கொண்டுவருவது கட்டுபடியாகாது. அதில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், தளத்தைத் தனித்தனிப் பாளமாகத் துண்டு போடக் கூடாது என்பது. துண்டு போட்டால் ஒவ்வொரு பாளமும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும், அந்தப் படியில்தான் கால் இடறும்.

ஆகவே 5 இன்ச் கனம், எம்25 தரக் கான்கிரீட், 8 எம்எம் கம்பி இரண்டு பக்கமும் 6 இன்ச் இடைவெளியில், நடுவில் எங்கும் வெட்டாமல் தொடர்ச்சியாக. கம்பி தளத்தின் மேல் பாதியில் இருக்க வேண்டும். அதற்குக் கம்பியை வளைத்துச் செய்த ஸ்டூல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள், போடும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்தக் கம்பி அடியில்தான் கிடக்கும். சுற்றிலும் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஓரத்தைத் தடிமனாக இறக்கி பீம் மாதிரிச் செய்யுங்கள், குறுக்கே இரண்டு மூன்று இடத்திலும் அதே மாதிரி. பீம் கம்பி அளவை உங்கள் மண் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும், அதற்கு மட்டும் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். அடியில் இரண்டு அடுக்கு பாலிதீன் ஷீட். தளத்துக்கு மட்டும் 21 கன மீட்டர், பீமோடு சேர்த்தால் 25ஐ நெருங்கும், ரெடிமிக்ஸ் லாரி நான்கு ஐந்து நடை. ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டும். மறுநாள் காலைக்குள் மூன்று மீட்டர் இடைவெளியில் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு மெஷினால் கோடு வெட்டச் சொல்லுங்கள், வலை இருக்கும் நடுக்கோட்டில் ஒன்று வரும்படி. விரிசல் வந்தால் அந்தக் கோட்டுக்குள் வரும், கீழே கம்பி தொடர்ச்சியாக இருப்பதால் இரண்டு பக்கமும் மட்டம் மாறாது.

வாட்டம் நூற்றுக்கு ஒன்று, ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு அகலவாக்கில். 30 அடிக்கு மூன்றரை இன்ச் இறக்கம், ஆடும்போது தெரியாது. சாலைக்குச் செய்வது போல நடுவை உயர்த்தி இரண்டு பக்கமும் சரிக்காதீர்கள். தண்ணீர் விழும் பக்கத்தில் சிமென்ட் வாய்க்கால் வைத்துத் தூரமாகக் கொண்டுபோங்கள், மற்ற மூன்று பக்கமும் அந்த மூன்று அடிக்குக் கல்லோ தளமோ பதித்து மூடிவிடுங்கள்.

கியூரிங்குக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது நம் வழக்கம். கரிசலில் அதைச் செய்யாதீர்கள், இரண்டு வாரம் ஓரங்களில் கசிந்து நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் காத்த மண்ணை ஊற வைத்துவிடும். நனைத்த சாக்கு, மேலே பாலிதீன், 14 நாள்.

கூடைப்பந்துக் கம்பத்தைத் தளத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கரிசல் உப்பும்போது கம்பத்தின் கான்கிரீட்டைப் பக்கவாட்டில் பிடித்து மேலே இழுக்கும், வருஷத்துக்குக் கொஞ்சமாக அது எழும்பும். மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஆகர் என்ற துளைக் கருவி போட்டு அடியில் குடை போல விரித்த பைலாகப் போட்டால் நங்கூரம் மாதிரி நிற்கும், நம் பக்கத்தில் வீட்டுக்கு பைல் போடும் ஆட்களே இதைச் செய்து தருவார்கள். தளத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் அரை இன்ச் தெர்மோகோல் வைத்துப் பிரித்துவிடுங்கள். வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். ஷட்டில் கம்பத்துக்குத் தளத்தில் பைப் சொருகி வைத்தால் போதும், தேவைப்படும்போது நட்டுக்கொள்ளலாம், வலையைக் கம்பத்தில் 1.55 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும்.

அக்ரிலிக் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் மேற்பரப்பைக் கண்ணாடி போல வழவழப்பாக்காமல் துடைப்பத்தால் கோடு இழுத்து விடச் சொல்லுங்கள், வழவழப்பில் பெயிண்ட் பிடிக்காது, மழையில் வழுக்கும். 28 நாள் கழியட்டும். அடிப்பதற்கு முன் தளம் முழுக்கத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். பெயிண்டுக்குப் பதிலாகப் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டைல்ஸும் இப்போது கிடைக்கிறது, சின்ன விரிசலை அது மறைக்கும், மழை அடியிலேயே வடிந்துவிடும், ஆனால் தளம் மட்டமாக இருந்தால்தான் அதுவும் நிற்கும்.

மார்ச் முடிவில் மண் தரை தயாரானதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டு பிளிந்தில், அதாவது அஸ்திவாரத்துக்கு மேல் தெரியும் அடிச்சுவரில், ஒரு புள்ளியை அடையாளம் வைத்து, கோர்ட்டின் நான்கு மூலை, நான்கு ஓர நடு, சரியான மையம் என்று ஒன்பது இடத்தில் செங்கல் அளவு சிமென்ட் கட்டிகளைத் தரையோடு தரையாகப் பதித்து, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து ஒவ்வொன்றும் அந்தப் புள்ளியில் இருந்து எவ்வளவு கீழே என்று நோட்டில் எழுதி வையுங்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை, டிசம்பர் கடைசியில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை மறுபடி எடுங்கள். ஒன்பதும் ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால் தாராளமாகக் கான்கிரீட்டுக்கு ஆள் சொல்லுங்கள். எல்லாமே ஒரே அளவு இறங்கியிருந்தால் அது நிரப்பிய மண் அடங்கியது, மேலே கொஞ்சம் கிராவல் போட்டு உருட்டினால் சரியாகிவிடும். ஒரு மூலை மட்டும் எழும்பியிருந்தால் அந்த மூலைக்குத் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, அதைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டு இன்னொரு மழைக்காலம் மண்ணிலேயே ஆடுங்கள்.